நஞ்சப்பன் பெயர் போட்ட பாட்டில்

நஞ்சப்பன் அண்ணனைப் பற்றி எங்கள் எடிசன் ஊரில் எந்தத் தமிழரைக் கேட்டாலும் முதலில் அந்த மின்னஞ்சலைத்தான் சொல்வார்கள். இரண்டு கோடைக்கு முன்னால் தமிழ்ப் பள்ளிப் பிக்னிக்கில் யாரோ ஒரு புண்ணியவான் மோர் கேனுக்கு அடியில் பீர் ஒளித்துக் கொண்டுவந்துவிட்டார். மறுநாள் காலை முந்நூற்றுச் சொச்சம் குடும்பங்களுக்கும் மின்னஞ்சல் போனது. மது அருந்துவோருக்கும் அதைக் கொண்டுவருவோருக்கும் நம் நிகழ்ச்சிகளில் இடமில்லை, இப்படிக்கு நஞ்சப்பன், துணைத்தலைவர். தமிழில் ஒருமுறை, ஆங்கிலத்தில் ஒருமுறை. பிள்ளைகளுக்கும் புரிய வேண்டுமாம்.

இத்தனைக்கும் அவர் வீட்டில் குடித்துக் கெட்டவர்கள் யாரும் கிடையாது. கோபிச்செட்டிபாளையத்துப் பக்கம் நல்ல குடும்பம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஆபீஸ் பார்ட்டியில் அரை டம்ளர் பீர் குடித்துவிட்டு, மெட்ரோபார்க் ஸ்டேஷனுக்கு வரும் ரயிலில் பக்கத்து ஆளின் கோட்டில் வாந்தி எடுத்திருக்கிறார். மதுவிலக்கின் மொத்த வரலாறும் அவ்வளவுதான். கண்மணி அக்காவே என்னிடம் சொன்னது.

அக்கா அவர் மனைவி. நானும் அவளும் ஒரே மருந்துக் கம்பெனியில், ஒரே பேக்கிங் லைனில் வேலை பார்க்கிறோம். காலை ஆறேகாலுக்கு நான் காரை அவர்கள் வாசலில் நிறுத்தினால், டிபன் பையும் கையுமாக ஏறிக்கொள்வாள். எங்கள் வேலை, மாத்திரை பாட்டில்களில் ஒட்டுகிற லேபிளைச் சரிபார்ப்பது. அரை மணிக்கு ஒருமுறை லைனிலிருந்து பத்து பாட்டில் எடுக்க வேண்டும். விளக்குக்குக் கீழே சாய்த்துப் பார்க்க வேண்டும், ஓரத்தை நகத்தால் கீறிப் பார்க்க வேண்டும், ஒவ்வொரு எழுத்தையும் மாதிரித் தாளோடு ஒப்பிட வேண்டும். எல்லாம் சரி என்றால் தாளில் இனிஷியல் போட வேண்டும். அக்கா போடுவது கே. என். கண்மணி நஞ்சப்பன் என்பதன் சுருக்கம். ஒரு ஷிஃப்டில் எத்தனை கே. என். போடுவாள் என்று அவளுக்கே தெரியாது.

நமக்கு எங்கே இருக்கிறது குடும்பப் பெயர்? இந்த ஊர் ஃபாரங்களில் கடைசிப் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கிறது, அதைக் காலியாக விட்டால் ஒரு வேலையும் நடக்காது. அதனால் புருஷன் பெயரோ அப்பன் பெயரோ அதில் போய் உட்கார்ந்துகொள்கிறது. அவர்களுடைய மகள் யாமினி இங்கேதான் பிறந்தாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த ஃபாரத்தில் அந்தக் கட்டத்தை நஞ்சப்பன் அண்ணன் தன் கையாலேயே நிரப்பினார். பேனாவை இரண்டு முறை உதறிவிட்டு, பெரிய எழுத்தில், அழுத்தி எழுதினார் என்று அக்கா சொல்வாள். பிற்பாடு நடந்த கூத்துக்கெல்லாம் விதை அங்கே போட்டதுதான்.

யாமினி நன்றாகப் படித்தாள். பயோகெமிஸ்ட்ரி முடித்ததும் எல்லோரும் மருந்துக் கம்பெனி என்று நினைத்துக்கொண்டிருந்தபோது, இங்கிலாந்துக்குப் போய் திராட்சைக்கொடி வளர்ப்பதையும் ஒயின் செய்வதையும் படிக்கப்போகிறேன் என்றாள். மூன்று மாதம் வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை. அதற்கப்புறம் நஞ்சப்பன் அண்ணன் வெளியே சொல்வதற்கு ஒரு வார்த்தையைக் கண்டுபிடித்தார். ஃபெர்மென்டேஷன் ரிசர்ச். தமிழ்ப் பள்ளியில் பாதிப் பேர் அந்தப் பெண் ஏதோ தயிர் ஆராய்ச்சி செய்கிறாள் என்றே நம்பிக்கொண்டிருந்தார்கள்.

இங்கே பொங்கல் விழாவைப் பொங்கல் கழிந்துதான் வைப்பார்கள். ஜனவரி மூன்றாவது சனிக்கிழமை மத்தியானம் பொங்கல் விழாக் கமிட்டி அவர் வீட்டில் கூடியது. முதல் நாள் பெய்த பனி தெருவோரமெல்லாம் அழுக்காகக் குவிந்துகிடந்தது. நான் கமிட்டியில் இல்லை. சமையலுக்கு இன்னொரு கை வேண்டும் என்று அக்கா கூப்பிட்டதால் போயிருந்தேன். அரிசிம்பருப்புச் சோறு, மேலே நெய், கொள்ளு ரசம், அப்பளம். கமிட்டிக்காரர் வாஞ்சிநாதன் சார் ரசத்தை மூன்றாவது தடவையாக டம்ளரில் வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தபோது பெல் அடித்தது.

வந்தவள் பிரீத்தி. யாமினியோடு பள்ளியில் படித்தவள், வேலை விஷயமாக மாதம் ஒருமுறை லண்டன் போய்வருகிறவள். ஷூவைக் கழற்றிவிட்டு நேராக சாப்பாட்டு மேஜைக்கு வந்து, ஹாய் அங்கிள், யாமினி அனுப்பினா என்று ஒரு ஸ்வெட்டர் சுருளைப் பிரித்தாள். உள்ளேயிருந்து ஒரு பாட்டில் வந்தது. வெளிர் மஞ்சள் லேபிள், படம் ஒன்றும் கிடையாது. நடுவில் பெரிய ஆங்கில எழுத்தில் நஞ்சப்பன். கீழே பொடி எழுத்தில் பினோ நுவா என்று திராட்சையின் வகை, பிறகு கென்ட், இங்கிலாந்து.

வாஞ்சிநாதன் சார் ரசத்தைக் கீழே வைத்தார், கண்ணாடியை மாட்டினார், எழுத்துக் கூட்டிப் படித்தார்.

“என்ன சார், உங்க பேர்ல சரக்கு வருது?”

யாரும் உடனே சிரிக்கவில்லை. ஒருவர் தண்ணீர் குடிக்கப்போய்ப் புரையேறியதும் எல்லோருக்கும் சேர்த்துச் சிரிப்பு வந்துவிட்டது. சந்தோஷத்தில் சிரிக்கிறார்கள் என்று எண்ணிய பிரீத்தி, பாவம், விளக்கம் வேறு கொடுத்தாள். இங்கிலாந்துக் குளிரில் சிவப்புத் திராட்சை பழுப்பதே கஷ்டமாம். அங்கே பெரும்பாலும் நுரை பொங்குகிற வெள்ளை ஒயின்தான் செய்வார்களாம். யாமினிதான், தான் வேலை பார்க்கிற தோட்டத்தில் பிடிவாதம் பிடித்து ஒரு சரிவு முழுக்கச் சிவப்பை வைத்துக் காப்பாற்றியிருக்கிறாள். ஏப்ரலில் துளிர் பனியில் கருகாமல் இருக்கக் கொடிகளுக்கு நடுவே வாளி வாளியாக மெழுகு கொளுத்தினார்களாம். மூன்று பீப்பாய், மொத்தம் தொள்ளாயிரம் பாட்டில். யார் செய்தார்களோ அவர்கள் குடும்பப் பெயரை லேபிளில் போடுவது அந்தத் தோட்டத்து முதலாளியம்மாவின் வழக்கமாம். யாமினியின் பாஸ்போர்ட்டைப் பார்த்து எழுதிக்கொண்டார்களாம்.

நஞ்சப்பன் அண்ணன், சாப்பிடுங்க, என்று மட்டும் சொன்னார். ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு வெளியே போய், காலையிலேயே பனி தள்ளி முடித்திருந்த டிரைவ்வேயில் மறுபடியும் பனிவாரித் தகரத்தைத் தள்ள ஆரம்பித்தார். பனியே இல்லாத தாரில் தகரம் உரசுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே கமிட்டி அப்பளம் சாப்பிட்டது. பொங்கல் விழாவுக்குக் கரும்பு எங்கே வாங்குவது என்பது அன்று முடிவாகவில்லை.

மறுநாள் ஞாயிறு காலை யாமினிக்குப் போன் போனது. அந்தப் பெயரை எடு என்றார் அப்பா. அவள் எப்போதும்போல ஆங்கிலத்தில் பதில் சொன்னாள். காட்டுவதற்காக அறுபது பாட்டிலுக்குத்தான் லேபிள் ஒட்டியிருக்கிறது, மீதிக்கு அடுத்த திங்கட்கிழமை அச்சடிக்கப்போகிறோம், வேண்டாமென்றால் எடுத்துவிடுகிறேன். ஆனால் ஒன்று, பாட்டிலில் எடுத்தால் பாஸ்போர்ட்டிலும் எடுப்பேன், லைசென்ஸிலும் எடுப்பேன். என் கையால் செய்த ஒன்றின்மேல் போட நீங்கள் கூசுகிற பெயரை நான் எதற்காகச் சுமக்க வேண்டும்? அவர் போனை வைத்துவிட்டார். ஒரு வாரம் தவணை.

அந்த வாரம் இருக்கிறதே, அது எனக்குத்தான் தண்டனை. காலையில் இருபத்தைந்து நிமிஷம், சாயங்காலம் நாற்பது நிமிஷம், ரூட் ஒன் நெடுஞ்சாலையில் முன்னால் போகிற கார்களின் பிரேக் லைட்டுகளைப் பார்த்துக்கொண்டே அக்காவின் புலம்பலைக் கேட்டேன். அப்பா மகளோடு பேசமாட்டார், மகள் அப்பாவோடு பேசமாட்டாள். இரண்டு பேரும் அக்காவுக்கு வாட்ஸாப்பில் குரல் செய்தி அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். அவர் மாடியில் உட்கார்ந்துகொண்டு, கீழே சமையலறையில் நிற்கிறவளுக்கு அனுப்பினார்.

“நான் என்ன போஸ்ட் ஆபீஸா மதி?” என்றாள் அக்கா. “லேபிள் மாத்தறதுன்னா என்னன்னு அந்த மனுசனுக்குத் தெரியுமா? நம்ம லைன்ல ஒரு எழுத்து மாறினா என்ன பாடு படறோம்?”

எனக்குத் தெரியும். பழைய லேபிளை ஒன்று விடாமல் எண்ணி அழிக்க வேண்டும். லைனைத் துடைத்து, சுற்றிலும் குனிந்து பார்த்து, ஒன்றும் விழுந்துகிடக்கவில்லை என்று கையெழுத்துப் போட வேண்டும். அரை நாள் போய்விடும். இதையெல்லாம் அக்கா எத்தனையோ முறை வீட்டில் சொல்லியிருக்கிறாள், அவர் காதில் ஏறினால்தானே.

செவ்வாய்க்கிழமை புதிதாக ஒரு குறை கிளம்பியது. அவர் இண்டர்நெட்டில் படித்துவிட்டார். இங்கிலாந்தில் சிவப்பு ஒயினுக்கு நிறமே சரியாக வராதாம், வெளிறிப்போய்த் தண்ணீர் மாதிரி இருக்குமாம். செய்றதுதான் செய்றா, நல்லா வர்ற வெள்ளையைச் செய்யக்கூடாதா, என் பேரைப் போட்டு இந்தச் சாயம்போனதையா விப்பா, என்று கேட்டாராம். ஒயின் செய்ததற்குக் கோபமா, வெளிறிய ஒயின் செய்ததற்குக் கோபமா என்று அக்கா திருப்பிக் கேட்டிருக்கிறாள். இரண்டுக்கும்தான் என்று சொல்லிவிட்டு, பாட்டிலை உடனே வீட்டை விட்டு அப்புறப்படுத்து என்றாராம். குப்பையிலும் போடக் கூடாது, காலி பாட்டில் போடுகிற நீலத் தொட்டியில் போட்டால் எதிர் வீட்டுக்காரர் பார்ப்பார். மறுநாள் அக்கா அதை டிபன் பைக்குள் வைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள்.

புதன்கிழமை, ஷிஃப்ட் முடிந்து நாலரை மணி. என் சமையலறையில் அடுப்பில் டீ கொதித்துக்கொண்டிருந்தது. பாட்டிலை மேஜையில் வைத்து இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். நல்லவேளை, திருகு மூடிதான். என் வீட்டில் அதற்கென்று கிளாஸ் ஏது? இருமல் மருந்தோடு வரும் பிளாஸ்டிக் குப்பி இரண்டு இருந்தது. அக்கா பதினைந்து மில்லி கோடு வரைக்கும் சரியாக ஊற்றினாள். நிறம் உண்மையிலேயே லேசுதான். மறுபக்கம் என் விரல் தெரிந்தது.

அக்கா முகர்ந்தாள். மருந்து குடிக்கிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டு வாயில் விட்டாள். முகம் சுருங்கியது, பிறகு மெதுவாக விரிந்தது.

“புளிப்பா இருக்குது” என்றாள். “ரசத்துல மேல நிக்குமே தெளிவு, அதாட்ட. அப்பறமா மெளகு.”

“நல்லாருக்கா அக்கா?”

“எனக்கென்ன தெரியும். கலப்படம் இல்ல.”

எனக்கு வெறும் புளிப்பாகத்தான் இருந்தது, அதைச் சொல்லவில்லை. அக்கா குப்பியை விளக்குப் பக்கம் தூக்கி நிறத்தைப் பார்த்தாள். பால் காய்ச்சச் சொன்னால் பொங்கவிடுகிற பெண், குளிரில் கொடிகளுக்கு நெருப்பு வைத்துக் காத்திருக்கிறாளே என்றாள்.

“எனக்குப் பெருமையா இருக்குது மதி. இத அந்த ஊட்ல யாருகிட்டயும் சொல்ல முடியல.”

சொல்லிவிட்டுக் குப்பியைக் கழுவிக் கவிழ்த்தாள். மீதி ஒயினை என் ஃப்ரிட்ஜில் நல்லெண்ணெய்க்குப் பக்கத்தில் வைத்தோம்.

ஞாயிற்றுக்கிழமை இட்லிச் சட்டியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். போயிருக்கவே கூடாது. சாப்பாட்டு மேஜையில் போன் ஸ்பீக்கரில் இருந்தது. நஞ்சப்பன் அண்ணன் ஸ்வெட்டரும் மஃப்ளருமாக அதன் முன்னால் நேராக உட்கார்ந்திருந்தார், இன்டர்வியூவுக்கு வந்தவரைப் போல. அக்கா அடுப்படியில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்து, போகாதே என்று தலையை ஆட்டினாள். இட்லிச் சட்டியைப் பிடித்தபடி அங்கேயே நின்றேன்.

யாமினி, இன்று சாயங்காலத்துக்குள் அச்சகத்துக்குப் பதில் சொல்ல வேண்டும் என்றாள். கடைசியாகக் கேட்கிறேன், இருக்கட்டுமா, எடுக்கட்டுமா?

“எடுத்துப்போடு” என்றார் அவர். “நான் சொல்லீட்டேன். அவ்வளவுதான்.”

சரி என்றாள் யாமினி. குரலில் கோபம்கூட இல்லை. அப்படியானால் நாளைக்கே பெயர் மாற்றுகிற ஃபாரத்தையும் நிரப்புகிறேன் என்றாள்.

“அப்பன மெரட்டறியா நீ?”

மிரட்டவில்லை, இரண்டும் ஒரே பெயர்தானே என்றாள் அவள். அவருக்கு மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரியில் அந்தப் பெயரை எழுதிய நாளிலிருந்து ஆரம்பித்தார். கின்டர்கார்டனில் டீச்சருக்கு அதைச் சொல்ல வரவில்லை என்று மூன்று நாள் போய் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தது, பட்டம் வாங்கிய அன்று மேடையில் அதைத் தப்பாக வாசித்தவனோடு சண்டைக்குப் போனது. அவள் குறுக்கே பேச, இவர் அதற்கு மேல் பேச, தமிழும் ஆங்கிலமும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து எதுவும் புரியவில்லை. அக்கா கத்தியைக் கீழே வைத்துவிட்டு, கையைக்கூடத் துடைக்காமல் வந்தாள்.

“ரெண்டு பேரும் நிறுத்துங்க. அவரு தன்ற பேரு வேண்டாமுங்கறாரு, நீ பேரே வேண்டாமுங்கற. பத்து மாசம் சொமந்தவ நானு. உன்ற பாஸ்போர்ட்ல என்ற பேரு எங்க கண்ணு இருக்குது? சர்டிபிகேட்ல இருக்குதா, லைசென்ஸ்ல இருக்குதா? என்ற பாஸ்போர்ட்லயே என்ற பேருக்குப் பின்னால இவருதான் நிக்கறாரு. நான் ஒரு நாளாச்சும் அதுக்குச் சண்ட போட்டிருக்கறனா? உங்க ரெண்டு பேருக்கும் சோறு ஆக்கிப்போடவே எனக்கு நேரம் பத்தல.”

சொல்லிவிட்டுத் திரும்பிப் போய் மறுபடியும் வெங்காயத்தை எடுத்தாள். கண்ணில் வழிந்தது வெங்காயத்தாலா என்று நான் கேட்கவில்லை. நஞ்சப்பன் அண்ணன் மஃப்ளரைக் கழற்றி, மடித்து, மறுபடியும் பிரித்தார்.

“ஏ அம்மிணி” என்றார் போனைப் பார்த்து. “நம்மூர்ல எப்புடி எழுதுவாங்க? மொதல்ல இனிஷியல், அப்பறம் பேரு. என். யாமினின்னு போடு. அப்புடிப் போட்டா எனக்கு ஒண்ணும் இல்ல.”

ஒரே ஒரு எழுத்து, அது நீங்கள் என்று யாருக்குத் தெரியும் என்று கேட்டாள் யாமினி.

“யாருக்கும் தெரிய வேண்டாம். எனக்குத் தெரிஞ்சாப் போதும்.”

எனக்கு இட்லிச் சட்டியை அவர் தலையிலேயே கவிழ்க்கலாம் போலிருந்தது. ஒரு வாரமாக வீட்டை இரண்டாக்கி, என் பெட்ரோலையும் காதையும் தீர்த்து, கடைசியில் மனிதர் கேட்டது இவ்வளவுதான். பாட்டிலில் அவர் இருக்க வேண்டும், ஆனால் வாஞ்சிநாதனுக்குத் தெரியக் கூடாது. யாமினி, தனக்குத் தெரிந்த தமிழில், “யோசிக்கறேன் ப்பா” என்று சொல்லிப் போனை வைத்தாள்.

என்ன அச்சடித்தாள் என்று அப்புறம் சொல்லவே இல்லை. அக்கா கேட்டதற்கு, லேபிள் ஒட்டியாகிவிட்டது என்று மட்டும் எழுதியிருந்தாள். பொங்கல் விழா ஒரு வழியாக நடந்தது. வாஞ்சிநாதன் சார் மைக்கைப் பிடித்து, இது முற்றிலும் மதுவில்லா விழா என்று சொல்லி இந்தப் பக்கம் பார்த்துக் கண்ணடித்தார். நஞ்சப்பன் அண்ணன் கரும்புக் கட்டுக்குப் பின்னால் நின்றுகொண்டார். பிப்ரவரியில் இரண்டு முறை பனி கொட்டியது. அவர் போன் அடிக்கும்போதெல்லாம் எட்டிப் பார்ப்பார், மகளா என்று கேட்கமாட்டார். பெயரை மாற்றிவிட்டாளோ என்று என்னிடம் கேட்டுச் சொல்லச் சொன்னார் என்றாள் அக்கா. எனக்கு எப்படித் தெரியும்?

மார்ச் கடைசியில் ஒரு சனிக்கிழமை காலை அக்கா கூப்பிட்டாள். பிரீத்தி வந்துபோயிருக்கிறாள், வா என்றாள். நான் போனபோது ஸ்வெட்டர் சுருள் இன்னும் பிரிக்கப்படாமல் மேஜையில் கிடந்தது. ஒருத்தருக்கும் அதைத் தொடத் தைரியம் இல்லை. கடைசியில் அவரே பிரித்தார். ஒவ்வொரு கையாக விலக்கி, குழந்தைக்குச் சட்டை கழற்றுகிற மாதிரி.

அதே வெளிர் மஞ்சள் தாள், அதே கறுப்பு எழுத்து. கே. என். யாமினி. கீழே பினோ நுவா, கென்ட், இங்கிலாந்து. அதோடு ஒரு சின்னச் சீட்டு இருந்தது. ஃபாரத்தை நிரப்பவில்லை என்று ஆங்கிலத்தில் ஒரே வரி.

அவர் சீட்டை இரண்டு முறை படித்தார். சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் முகத்தில் இருந்தது நிம்மதிதான், அதை அவரால் ஒரு நிமிஷத்துக்கு மேல் வைத்துக்கொள்ள முடியவில்லை.

“நான் ஒரு எழுத்துதான சொன்னேன்” என்றார். “முன்னால எதுக்கு ஒரு கே?”

அக்கா பாட்டிலை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு அடுப்புக்கு மேலே எரிகிற விளக்குக்குப் போனாள். இந்தப் பக்கம் சாய்த்துப் பார்த்தாள், அந்தப் பக்கம் சாய்த்துப் பார்த்தாள். ஓரத்தை நகத்தால் கீறினாள். எங்கும் தூக்கவில்லை, சுருக்கமில்லை, எழுத்து நேராக இருந்தது. பிறகு அவள் விரல் அந்த இரண்டு எழுத்தின் மேலே வந்து நின்றுவிட்டது. அது அவள் தினமும் போடுகிற கையெழுத்து. அடுப்பில் பால் பொங்குவதைப் பார்க்கிற சாக்கில் நான் திரும்பிக்கொண்டேன்.

“லேபிள் சரியா இருக்குது” என்றாள் அக்கா. “லைன ஓட்டலாம்.”

நஞ்சப்பன் அண்ணன் மேஜையிலிருந்தே எட்டிப் பார்த்தார்.

“அந்த ரெண்டாவது எழுத்து என்னுதுதான?”

“உங்களதுதானுங்க” என்றாள். “எனக்குப் பின்னால.”